உதடு ஒட்டும் சொல்

முனிச்சாலையில் பரோட்டாக் கடை மாடி.
நைனா முகமதின் ஒலிப்பதிவு அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
கீழேயிருந்து ஓசியில் வாங்கி ஒட்டியது.
ஐந்து மணிக்குக் கொத்து தொடங்கிவிடும்.
அதற்குள் அழுது முடித்தாக வேண்டும்.

துருக்கிக்காரர்களின் பழைய குடும்பப் படம், கறுப்பு வெள்ளை.
மனைவிக்குத் தமிழில் நான் பேசுகிறேன்.
மாமியாருக்கும் நானே,
தொண்டையைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு.
கணவனுக்குப் பாலகுரு.
வெளியேயும் எனக்கு அவர்தான்;
மூன்று வருடமாக, எதிர்மனுதாரர்.

நைனாவுக்குத் தெரியும்.
"தொழில் வேற, கேசு வேறம்மா."
முன்பு ஒரே கவரில் கொடுத்த சம்பளத்தை
இப்போது இரண்டு கவரில் கொடுக்கிறார்.

படத்தில் எல்லாமே மாடிப்படியில் நடக்கிறது.
மேல்படியில் நின்று காசோலையைக் கிழிக்கிறார் அப்பா.
நடுப்படியில் கர்ப்பிணி தடுமாறுகிறாள்.
கீழ்ப்படியில் ஒரு கடிதம்
எடுக்கக் கூடாத கைக்குப் போகிறது.
அந்த ஒரு கடிதத்துக்காகப்
பத்து வருடம் பிரிந்திருக்கிறார்கள்.
அழுதழுது அவளுக்குக் கண் போகிறது,
கார் மோதித் திரும்பி வருகிறது.
முதல் நாள் சிரிப்பை அடக்க முடியாமல்
மூன்று டேக் வீணாக்கினேன்.

எங்களுக்குக் கடிதம்கூட இல்லை.
அவர் அக்கா கல்யாணத்துக்கு அடகு வைத்த
என் வளையல் இரண்டு.
அது எங்கே என்று நான் கேட்ட ஒரு ராத்திரி.
பதில் சொல்லாமல்
அவர் டிவி சத்தத்தைக் கூட்டியது.
இதை எவன் படமாக எடுப்பான்?

அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் விடவில்லை.
ஆனி பாதியிலேயே
ஆட்டோ மேல் குழாய் கட்டிக்கொண்டு
தெற்குவாசல், காமராசர் சாலை, எங்கள் சந்து வரை வந்து
வாங்க வாங்க, ஆடித் தள்ளுபடி,
குடும்பத்தோட வாங்க என்று கூப்பிடும்.
சன்னலைச் சாத்தினாலும் கேட்கும்.
என்னைக் கூப்பிட
ஒரு நாளும் வராத ஆளின் குரல்.

நேற்று கடைசி ரீல்.
படகுத்துறை, மழை.
அவன் முழங்காலிட்டு ஒரே ஒரு சொல் சொல்கிறான்:
அஃபெத்.
தாளில் எழுதியிருந்தது: மன்னிச்சிடு.

ஒட்டவில்லை.
மகரத்துக்கு உதடு இரண்டும் மூட வேண்டும்.
அவன் உதடு மூடவே இல்லை.
கீழுதடு மேல்பல்லைத் தொட்டு விலகுகிறது, அவ்வளவுதான்.
முகத்தை அவ்வளவு நெருங்கி எடுத்திருக்கிறார்கள்,
எங்கே ஒளிப்பது.

"வகரம் போட்டா ஒக்காரும்" என்றார் நைனா.
வந்துடு என்று பார்த்தோம். நீளம் போனது.
வா என்றால் ஏதோ டீ குடிக்கக் கூப்பிடுவதுபோல்.
பாலகுரு வெகுநேரம்
அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மைக்கில் சொன்னார்:

விட்டுரு.

பொருந்திவிட்டது.
கடைசி உகரம் மட்டும் கொஞ்சம் இடித்தது;
அதற்குள் அவன் தலை குனிந்து காப்பாற்றிவிட்டான்.

நடந்ததை விட்டுரு.
என்னை விட்டுரு.
இரண்டுக்கும் ஒரே வாயசைவு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நைனா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்து அவள் முகம்.
அவளுக்கு வசனம் இல்லை, மூச்சுதான்.
கொடுத்தேன்.
கொடுத்துக்கொண்டிருக்கும்போதே
கீழே தோசைக்கல்லில் விழுந்தது முதல் கரண்டி.

"ரெண்டு பேரும் இன்னொரு தடவை
பண்ணணும். நாளைக்கா?"
"நாளைக்கு வாய்தா" என்றோம்,
இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.
"சரி, வியாழன்."

அவர் முன்னால் இறங்கினார்.
குறுகலான படி, விளக்கு கிடையாது.
திரும்பாமலே சொன்னார்,
"மூணாம் படி ஒடஞ்சிருக்கு, பாத்து."

மூன்று வாரமாக
தினமும் அதைத் தாண்டித்தான் இறங்குகிறேன்.